சுரங்கக் கம்பெனியின் உறுதிமொழியும் நாம் கேட்க வேண்டிய கேள்விகளும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சுரங்கக் கம்பெனிகளும் மனித உரிமையும். “நம்மில் பாதிப்பேர் கட்டட வேலை, மீதிப்பேர் மில் வேலை, மார்க்கெட் வேலை. நமக்கும் சுரங்கத்துக்கும் என்ன சம்பந்தம்?” என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. விடியற்காலை மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குப் புறப்படும் வண்டியில் உட்காரவும் இடமில்லாமல் நின்றுகொண்டு வருகிறவர்கள் யார்? தங்கவயல் தொழிலாளிகளின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அவர்களுக்கு டிக்கெட் ஜன்னலில் சீசன் சீட்டு எழுதிக்கொடுக்கிறவர்கள் நாம். அந்த ரயில் பாதையே 1894இல் தங்கத்துக்காகப் போட்டது. இன்று அதில் தங்கம் போகவில்லை, வேலை தேடும் மனிதர்கள் போகிறார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. 2024 ஜூன் மாதத்தில் கர்நாடக அமைச்சரவை மத்திய சர்க்காரின் ஒரு யோசனைக்கு ஒப்புதல் கொடுத்தது. தங்கவயலில் மலை மலையாகக் கொட்டிக் கிடக்கும் சயனைட் மண்மேடுகள் பதின்மூன்று. சுமார் ஆயிரம் ஏக்கரில் இருக்கும் அந்த மேடுகளைத் தோண்டி, மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்கும் யோசனை அது. மேடுகளில் கிடப்பது மூன்று கோடி டன்னுக்கு மேல் என்கிறார்கள். அந்த வேலையை எடுக்க எந்தக் கம்பெனி வந்தாலும் கையில் ஒரு காகிதத்தோடுதான் வரும். அதில் “நாங்கள் செயல்படும் இடமெல்லாம் மனித உரிமைகளை மதிக்கிறோம்” என்று எழுதியிருக்கும். அந்தக் காகிதத்தை எப்படிப் படிப்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

வாசலில் ஒரு பலகை

முதலில் நம் சங்கத்துக்கு வந்த ஒரு வழக்கைச் சொல்கிறோம். கம்பெனியின் பெயர் வேண்டாம். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து கல் குவாரியில் வேலை செய்த ஒரு தோழர் பாறை சரிந்து இறந்துபோனார். அவர் மனைவி இரண்டு பிள்ளைகளோடு நம் சங்க அறைக்கு வந்தார். நாம் குவாரிக்குப் போனோம். வாசலில் அழகான பலகை. ஆங்கிலத்திலும் கன்னடத்திலும், மனித உரிமை, பாதுகாப்பு, சமத்துவம் என்று எல்லாம் எழுதியிருந்தது. உள்ளே ஆபீசில் கேட்டால், “அப்படி ஒருவர் எங்கள் ரிஜிஸ்தரிலேயே இல்லை, கான்ட்ராக்டரைக் கேளுங்கள்” என்றார்கள். கான்ட்ராக்டரோ மேஸ்திரியைக் காட்டினார். மேஸ்திரி ஊருக்குப் போய்விட்டார்.

எட்டு மாதம் அலைந்தோம். கடைசியில் நமக்குக் கைகொடுத்தது எது தெரியுமா? மெஸ் கணக்கு நோட்டு. சாப்பாட்டுக் கணக்கைக் கூலியில் பிடித்துக்கொள்ளச் சொல்லி மேஸ்திரி வாராவாரம் அதில் கையெழுத்துப் போட்டிருந்தார். இறந்தவரின் பெயருக்கு நேராகவும் அந்தக் கையெழுத்து இருந்தது. அந்த நோட்டை மேசைமேல் வைத்த பிறகுதான் பணம் பேச உட்கார்ந்தார்கள். மனித உரிமைப் பலகையால் ஆகாத காரியம் சாப்பாட்டு நோட்டால் ஆயிற்று. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்பி வருவோம்.

காகிதம் எங்கிருந்து வந்தது?

இந்தக் காகிதம் கம்பெனிகள் தாமாகக் கண்டுபிடித்ததல்ல. எண்ணெய்க் கிணறுகளிலும் சுரங்கங்களிலும் உலகம் முழுக்க நடந்த அநியாயங்களுக்கு எதிராக மக்கள் பல ஆண்டுகள் போராடிய பிறகு, 2011இல் ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமைக் கவுன்சில் தொழில் நிறுவனங்களுக்கான வழிகாட்டு நெறிகளை ஏற்றுக்கொண்டது. மொத்தம் 31 நெறிகள். சாரம் மூன்றே விஷயம். மக்களின் உரிமையைக் காப்பது சர்க்காரின் கடமை. அந்த உரிமையை மதிப்பது கம்பெனியின் பொறுப்பு. மீறல் நடந்தால் பாதிக்கப்பட்டவருக்குப் பரிகாரம் கிடைக்க வேண்டும்.

நம் நாட்டிலும் 2019இல் மத்திய சர்க்கார் இதையொட்டி ஒன்பது கோட்பாடுகளை வெளியிட்டது. ஐந்தாவது கோட்பாடு மனித உரிமை. பங்குச் சந்தையில் உள்ள முதல் ஆயிரம் பெரிய கம்பெனிகள் இதைப் பற்றி ஆண்டுதோறும் அறிக்கை கொடுக்க வேண்டும் என்று செபி உத்தரவிட்டு, அது 2022-23 முதல் கட்டாயமாக இருக்கிறது. நிரந்தரத் தொழிலாளி எத்தனை பேர், மற்றவர்கள் எத்தனை பேர், குறைந்தபட்சக் கூலி யாருக்குக் கிடைக்கிறது, வேலையில் இறந்தவர் எத்தனை பேர், புகார் எத்தனை, தீர்த்தது எத்தனை என்றெல்லாம் அதில் எழுதியாக வேண்டும். அது யார் வேண்டுமானாலும் கேட்டுப் படிக்கக்கூடிய அறிக்கை. நம் பிள்ளைகளில் கல்லூரி படிக்கிறவர்கள் இதை எடுத்து நமக்கு வாசித்துக் காட்டலாம்.

சலுகையா, உரிமையா?

இப்போது தங்கவயலை எடுத்துக்கொள்வோம். காகிதத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் உரசிப் பார்க்க அதைவிட நல்ல உரைகல் நமக்குக் கிடையாது.

1880களில் ஜான் டெய்லர் கம்பெனி நிர்வாகத்துக்கு வந்ததிலிருந்து 2001இல் மூடியதுவரை நூற்றிருபது ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் அந்த மண்ணிலிருந்து போயிற்று. சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. வெட்டியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து பஞ்சத்துக்கும் பண்ணையாருக்கும் தப்பி வந்த தாழ்த்தப்பட்ட மக்கள், நம் மக்கள்.

கம்பெனி ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். 1902இலேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் தங்கவயலுக்கு வந்துவிட்டது. பெங்களூர் நகரம் அதற்காக 1905 வரை காத்திருந்தது. ஆஸ்பத்திரி இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது, லைன் வீடு இருந்தது. ஊரில் தெருவில் செருப்புப் போட முடியாதவன் இங்கே பூட்ஸ் போட்டு நடந்தான் என்று பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். அந்தச் சுயமரியாதை உண்மை.

ஆனால் ஒரு கேள்வி. அவையெல்லாம் சலுகையா, உரிமையா? கொடுத்தவன் திரும்ப எடுத்துக்கொள்ளக் கூடியது சலுகை. கொடுத்தவன் போன பிறகும் நம்மிடம் நிற்பதுதான் உரிமை. இந்த ஒரு அளவுகோல் போதும்.

முதலில் மானம். 1930இல் கம்பெனி ஒவ்வொரு தொழிலாளியும் கைரேகை பதிய வேண்டும் என்றது. குற்றவாளியிடம் வாங்குவதைப் போல நம்மிடம் ரேகை வாங்குவதா என்று ஏப்ரல் மாதத்தில் சுரங்கங்கள் முழுக்க வேலைநிறுத்தம். அப்போது அவர்களுக்குப் பதிவான சங்கம் கிடையாது, பெயர்பெற்ற தலைவர் கிடையாது. ஏறக்குறைய மூன்று வாரம் யாரும் கீழே இறங்கவில்லை. கம்பெனி பின்வாங்கியது. இன்று நம் பிள்ளைகள் கட்டட வேலைக்குப் போனால் முகத்தைக் காமிராவில் காட்டித்தான் உள்ளே நுழைகிறார்கள். அந்தப் பதிவு யாரிடம் இருக்கிறது, அதை வைத்து யாரைக் கழிக்கிறார்கள் என்று நாம் கேட்டதுண்டா? 1930இல் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கேட்டார்கள்.

இரண்டாவது, சங்கம் சேரும் உரிமை. 1946 நவம்பர் 4ஆம் நாள் போலீஸ் தாக்குதலில் தங்கவயல் தொழிலாளிகள் ஆறு பேர் உயிர் விட்டார்கள். கே. எஸ். வாசன் போன்றவர்கள் நின்று வளர்த்த சங்கத்தின் கதை அது. “சங்கம் அமைக்கும் சுதந்திரத்தை மதிக்கிறோம்” என்று இன்று கம்பெனிக் காகிதத்தில் ஒரு வரி வருகிறதே, அந்த வரியின் விலை இப்படி ஆங்காங்கே சிந்திய இரத்தம்.

மூன்றாவது, உடம்பு. ஆழம் போகப் போகப் பாறை தாங்காமல் வெடிக்கும். அந்தப் பாறை வெடிப்பு எத்தனையோ உயிர்களைக் கொண்டுபோயிற்று. பாறையின் இயல்பை ஆராயும் தேசிய நிறுவனம் ஒன்று 1988இல் தங்கவயலிலேயே அமைந்தது. அது கண்ணுக்குத் தெரியும் சாவு. கண்ணுக்குத் தெரியாத சாவு தூசி. கல்லைத் துளைக்கும்போது பறக்கும் மாவு நுரையீரலில் படிந்து கல்லாகிறது. டாக்டர்கள் சிலிகோசிஸ் என்கிறார்கள். 1940களில் தங்கவயலில் தொழிலாளிகளைச் சோதித்தபோது பத்தில் நான்கு பேருக்கு மேல் அந்த நோய் கண்டது. நாட்டில் இந்த நோயைப் பற்றி முதலில் எழுதப்பட்ட ஆராய்ச்சிகளில் ஒன்று நம்மவர்களின் நெஞ்சைப் பார்த்து எழுதியது. இந்த நோய்க்கு மருந்து இல்லை, தடுப்புதான் உண்டு. தண்ணீர் பாய்ச்சித் துளைப்பது, காற்றோட்டம், முகமூடி, வருடா வருடம் எக்ஸ்ரே. இவை ஒவ்வொன்றுக்கும் செலவு ஆகும். செலவைக் கம்பெனி மிச்சம் பிடித்தால் அதைத் தொழிலாளியின் மூச்சு கட்டுகிறது.

நான்காவது, கணக்கில் வராத மனிதர்கள். தங்கம் வெட்டியவனைப் பற்றிப் பேசுகிறோம். அந்த ஊரின் எடுப்புக் கக்கூசுகளைக் கையால் சுத்தம் செய்தவர்களைப் பற்றி நம் மேடைகளிலும் பேசியதில்லை. அப்படி ஒரு குடும்பத்தில் தங்கவயலில் பிறந்தவர்தான் பெஜவாடா வில்சன். தம் ஊரின் அந்த அவலத்தை எதிர்த்துத் தொடங்கி, நாடு தழுவிய இயக்கமாக்கி, 2016இல் மகசேசே விருது பெற்றார். தண்டவாளத்தில் மலம் அள்ளியவர்களைத் தினம் பார்த்தும் வாய் திறக்காமல் இருந்தவர்கள் ரயில்வேக்காரர்களாகிய நாமும்தான். அதையும் ஒப்புக்கொள்கிறோம். ஒரு கம்பெனி மனித உரிமையை எவ்வளவு மதிக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் மேனேஜரைக் கேட்காதே, கடைசிப் படியில் நிற்கிறவரைக் கேள்.

ஐந்தாவது, கம்பெனி போகும் நாள். 1956இல் மைசூர் சர்க்கார் சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 1962இல் மத்திய சர்க்காரிடம் போயிற்று. 1972இல் பாரத் கோல்ட் மைன்ஸ் ஆயிற்று. 2001 பிப்ரவரியோடு கதவு மூடியது. முதலாளி வெள்ளைக்காரனா, நம் சர்க்காரா என்பதால் அன்று வேறுபாடு தெரியவில்லை. வேலை போயிற்று, ஆஸ்பத்திரி போயிற்று. குடியிருக்கும் வீடு யாருடையது என்ற கேள்வி ஆண்டுக்கணக்கில் இழுத்தது. ஷாப்டுகளில் தண்ணீர் நிரம்பியது. நின்றது ஒன்றே ஒன்று, அந்தச் சயனைட் மேடு. கோடைக் காற்று அடித்தால் அந்தத் தூசி இன்றும் வீட்டுக்குள், சோற்றுப் பானைக்குள், குழந்தையின் மூச்சுக்குள் வருகிறது. தங்கம் போய்விட்டது, தூசியை மட்டும் நமக்குச் சொத்தாக எழுதிவைத்துவிட்டார்கள்.

எழுதிய எழுத்தே சாட்சி

அப்படியானால் காகிதம் வெறும் ஏமாற்றுத்தானா? அவசரப்பட வேண்டாம். இரண்டு சம்பவங்களைக் கேளுங்கள்.

ஆப்பிரிக்காவில் ஜாம்பியா நாட்டில் சிங்கோலா என்ற ஊர். அங்கே செம்புச் சுரங்கக் கழிவு ஆற்றில் கலந்து நிலமும் நீரும் கெட்டுப்போயின என்று 1,826 ஏழைக் கிராமவாசிகள் லண்டனில் வழக்குப் போட்டார்கள். சுரங்கத்தை நடத்தியது கொங்கோலா கம்பெனி. அதன் தாய்க் கம்பெனி லண்டனில் பதிவான வேதாந்தா. தூத்துக்குடிச் செம்பு ஆலையின் பின்னால் இருக்கும் அதே குழுமம். அந்த ஆலைக்கு எதிரான போராட்டத்தில் 2018 மே மாதம் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்ததை நம்மில் யார் மறக்க முடியும்?

“அந்தச் சுரங்கத்தை நடத்துவது வேறு கம்பெனி, எங்களை லண்டனில் விசாரிக்க முடியாது” என்று வாதாடினார்கள். 2019 ஏப்ரல் 10இல் இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றம் விசாரிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. அதற்கு எடுத்துக்கொண்ட ஆதாரங்களில் ஒன்று என்ன? தாய்க் கம்பெனி தானே வெளியிட்ட அறிக்கைகள். குழுமம் முழுவதிலும் சுற்றுச்சூழல் தரத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு தனக்கு இருப்பதாக அவற்றில் எழுதியிருந்தது. பெருமைக்கு எழுதிய எழுத்தே அவர்களுக்கு எதிரே வந்து நின்றது. 2021இல் பொறுப்பை ஒப்புக்கொள்ளாமலே சமரசம் செய்துகொண்டார்கள். ஆகவே காகிதத்தைக் கிழித்துப் போடாதீர்கள். பத்திரமாக எடுத்து வையுங்கள்.

இரண்டாவது ஒடிசாவின் நியமகிரி மலை. அங்கே பாக்சைட் வெட்ட இதே குழுமத்தின் ஆலைக்காகத் திட்டம் போட்டார்கள். டோங்ரியா கோந்து மக்களுக்கு அந்த மலையே தெய்வம். 2013 ஏப்ரல் 18இல் உச்ச நீதிமன்றம், கிராம சபையைக் கேளுங்கள் என்றது. பன்னிரண்டு கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. திட்டம் நின்றது. அந்த மக்களிடம் பணம் இல்லை, பட்டம் இல்லை. “எங்களைக் கேட்காமல் செய்யாதே” என்ற ஒரே உரிமையை விடாமல் பிடித்துக்கொண்டார்கள்.

நாம் கேட்க வேண்டியவை

இப்போது தங்கவயல் மேடுகளுக்கு வருவோம். வேலை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நள்ளிரவில் எழுந்து ரயிலேறும் பிள்ளைக்குச் சொந்த ஊரில் வேலை கிடைத்தால் அதைவிட மகிழ்ச்சி என்ன? ஆனால் வருகிற கம்பெனியிடம் முன்கூட்டியே ஐந்து கேள்விகள் கேட்போம்.

ஒன்று. மேட்டைக் கிளறும்போது தூசி பறக்காமல் இருக்க என்ன ஏற்பாடு? காற்றையும் தண்ணீரையும் அளப்பது யார்? அளந்த கணக்கைத் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் தெருவில் ஒட்டுவார்களா?

இரண்டு. வேலையில் எத்தனை பேர் நேரடி, எத்தனை பேர் கான்ட்ராக்ட்? விபத்து நடந்தால் “எங்கள் ரிஜிஸ்தரில் இல்லை” என்று சொல்லமாட்டோம் என எழுதிக் கொடுப்பார்களா? சுரங்கச் சட்டமும் வெளிமாநிலத் தொழிலாளர் சட்டமும் இப்போது 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டன. அது 2025 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. பழைய சட்டத்தில் நமக்கு இருந்த இடப்பெயர்வுப் படி அதில் இல்லை. இது நமக்கு நஷ்டம். ஆனால் ஒவ்வொரு தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்காமல் ஒரு நாள்கூட வேலை செய்யக் கூடாது.

மூன்று. நெஞ்சுப் பரிசோதனை யார் செலவில்? எக்ஸ்ரே படம் தொழிலாளி கையில் வருமா? பழைய தொழிலாளிகளையும் சோதிப்பார்களா? ராஜஸ்தானில் 2019 கொள்கைப்படி, சிலிகோசிஸ் என்று சான்று பெற்றவருக்குச் சர்க்கார் மூன்று லட்சமும், இறந்தால் குடும்பத்துக்கு இரண்டு லட்சமும் கொடுக்கிறது. அதுவும் கல் உடைக்கும் தொழிலாளிகள் போராடிப் பெற்றதுதான். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

நான்கு. பெண்களுக்கு என்ன வேலை, என்ன கூலி? புகார் சொல்லப் பெண் அதிகாரி இருக்கிறாரா?

ஐந்து. வேலை முடிந்து கம்பெனி போகும்போது மண்ணை எப்படி விட்டுப் போகும்? அதற்கான பணத்தை முதல் நாளே ஒதுக்கி வைக்குமா, அல்லது கடைசி நாளில் கையை விரிக்குமா?

தோழர்களே, தாய்மார்களே! இந்தக் கேள்விகள் தங்கவயலுக்கு மட்டும் அல்ல. கட்டடத்துக்கும் குவாரிக்கும் மில்லுக்கும் இதே கேள்விகள்தான். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குடும்பமும் ஒரு பையோடு வாருங்கள். நியமனக் கடிதம், கூலிச் சீட்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு, எக்ஸ்ரே, மேஸ்திரி கையெழுத்திட்ட நோட்டு, எது இருந்தாலும் கொண்டுவாருங்கள். நம் வாலிபர்கள் அதை நகல் எடுத்துச் சங்கப் பெட்டியில் வைப்பார்கள். குவாரியில் இறந்தவரின் மனைவி அந்த மெஸ் நோட்டை அடுப்பெரிக்கக் கிழிக்காமல் வைத்திருந்தார். அதனால்தான் அவர் பிள்ளைகள் இன்று பள்ளிக்கூடம் போகிறார்கள்.

கம்பெனி தன் காகிதத்தை வைத்துக்கொள்ளட்டும். நம் காகிதத்தை நாம் வைத்துக்கொள்வோம். இரண்டையும் ஒரே மேசையில் போட்டுப் பேசும் நாளில்தான் மனித உரிமை என்ற சொல்லுக்கு உயிர் வரும்.